சிதறிய கம்பிகள் ஒரு வலையான வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் மாநகரில் ஒரு தெருவிலிருந்து மறு தெருவுக்குக் குடிபெயர்ந்த ஒருவர், தம் தளபாடங்களோடு மின்விளக்குகளையும் எடுத்துச் சென்றால் அவை புதிய வீட்டில் எரியும் என்று நம்புதற்கில்லை. பழைய வீட்டில் ஒளிவீசிய குமிழ் புதிய வீட்டில் மின்மினிபோல் மங்கலாம். அன்றி ஏற்றிய கணத்திலே பட்டென்று அற்றுப்போகலாம். 1913ஆம் ஆண்டில் அம்மாநகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் 65 மின்வழங்கு நிறுவனங்கள் இருந்தன. 70 மின்னிலையங்கள் இயங்கின. வழங்கும் முறைகள் 49 வகைப்பட்டன. மீடிறன், அதாவது ஆடலோட்டம் ஒரு விநாடியில் எத்தனை முறை அலைகின்றது என்னும் கணக்கு, பத்து விதமாக இருந்தது. மின்னைத் தொலைவுக்குச் செலுத்தும் அழுத்தங்கள் 32. வீடுகளுக்குப் பகிரும் அழுத்தங்கள் 24. கட்டணம் கணிக்கும் முறைகளோ ஏறக்குறைய 70. உலகின் மிகப் பெரிய நகரம் என அன்று பெயர் பெற்றிருந்த ஊரின் நிலை இது. நீராவி எந்திரத்தை உலகுக்களித்த ஒரு நாட்டிலே இத்தகைய குழப்பம் எவ்வாறு விளைந்தது என்பதும், அது எவ்வாறு நீங்கிற்று என்பதும் அறியத்தக்க வரலாறாகும். நீங்கிய குழப்பம் வேறோர் உருவில் இன்று மீளவும் தலைகாட்டுகின்றது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

1882ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலண்டனின் ஹொல்போர்ன் மேம்பாலத்தருகே எடிசனின் நிறுவனம் ஒரு மின்னிலையத்தை அமைத்தது. நிலக்கரியை எரித்துப் பொதுமக்களுக்கு மின்சாரம் வழங்கிய நிலையங்களுள் அது முன்னோடியானது. அவ்விடத்தைத் தெரிந்தெடுத்தமைக்குரிய காரணம் சுவையானது. தெருக்களைத் தோண்டுவதற்கு நகராட்சியின் அனுமதி பெறுதல் எளிதன்று. மேம்பாலத்தின் அடியிலோ குழாய்கள் செல்லும் சுரங்கவழி முன்னரே அமைந்திருந்தது. கம்பிகளை அதனூடே இட்டுவிட்டால் எவர் அனுமதியும் வேண்டியதில்லை. ஆகவே, மின்சாரம் முதலிற் சென்ற வழி தேவை காட்டிய வழியன்று. தோண்டாமற் செல்லக்கூடிய வழியே. அந்நிலையம் வழங்கியது 110 வோல்ற்று நேரோட்டம். அத்துணைக் குறைந்த அழுத்தத்தில் மின்னைச் செலுத்தினால் அரை மைல், ஒரு மைல் தொலைவுக்குள் அதன் வலு கம்பியிலேயே வெப்பமாகக் கரைந்துவிடும். எனவே பேட்டைக்கு ஒரு புகைபோக்கி வேண்டியதாயிற்று.

சட்டமும் இச்சிறுமைக்கே துணைநின்றது. 1882ஆம் ஆண்டு பாராளுமன்றம் நிறைவேற்றிய மின்னொளிச் சட்டம், தனியார் அமைக்கும் மின்னமைப்பை 21 ஆண்டுகள் கழிந்தபின் உள்ளூராட்சி மன்றம் விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என விதித்தது. எரிவாயு நிறுவனங்களின் தனியுரிமையால் நொந்திருந்த மக்களைக் காப்பதே அதன் நோக்கம். நோக்கம் நல்லதே. ஆனால் 21 ஆண்டுகளிற் பறிபோகும் சொத்தில் எவர் பணமிடுவர்? 1888இல் அக்காலம் 42 ஆண்டுகளாக நீட்டப்பட்டது. எனினும் ஊராட்சி எல்லையே மின்னெல்லை என்னும் கொள்கை மாறவில்லை. பங்குக் கோவிலின் மணியோசை கேட்கும் தூரமே மின்சாரம் செல்லும் தூரம் என ஆயிற்று.

இவ்வெல்லைகளை முதலில் மீற முனைந்தவர் செபாஸ்தியன் பெராண்டி என்னும் இளைஞர். 1864இல் லிவர்பூல் நகரிற் பிறந்தவர். இலண்டனின் பொண்ட் தெருவில் குரோவனர் ஓவியக்கூடம் என ஒன்றிருந்தது. படங்களைக் காட்டுவதற்காக அங்கே அமைத்த மின்னொளியை அயலவரும் விரும்பிக் கேட்க, ஓவியக்கூடமே மின்னிலையமாய் வளர்ந்தது. கூரைகளுக்கு மேலாகக் கம்பிகள் நாற்புறமும் ஓடின. 1886இல் அதன் பொறியியலாளராகப் பெராண்டி பொறுப்பேற்றபோது அவருக்கு வயது இருபத்தொன்று. நகரின் நடுவே, நிலத்தின் விலையும் நிலக்கரியின் வண்டிக்கூலியும் ஏறிய இடத்தில், சிறுசிறு நிலையங்களை அமைத்தல் மடமை என அவர் கண்டார். மரக்கலம் நேரே நிலக்கரியைக் கொணரும் ஆற்றங்கரையில், குளிர்விக்கும் நீர் வேண்டியமட்டும் கிடைக்கும் இடத்தில், ஒரு பேரிய நிலையத்தை எழுப்பி, அங்கிருந்து உயர்ந்த அழுத்தத்தில் நகரத்துக்கு மின்னை அனுப்புவதே அவர் திட்டம்.

தேம்ஸ் நதியின் தென்கரையில் டெற்போட் என்னும் இடம் தெரிந்தெடுக்கப்பட்டது. பத்து இலட்சம் பவுண் மூலதனத்தோடு 1887இல் நிறுவனமொன்று தோன்றியது. அழுத்தம் 10,000 வோல்ற்று என்றார் பெராண்டி. அழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால், அதே வலுவைக் கொண்டுசெல்ல ஓட்டம் பத்தில் ஒன்று போதும். கம்பியில் வெப்பமாய் வீணாகும் இழப்போ நூறில் ஒன்றாய்க் குறையும். கணக்கு எளிது. ஆயின் அத்துணை அழுத்தத்தைத் தாங்கும் வடம் அக்காலத்தில் எங்கும் விற்பனைக்கில்லை. எனவே வடத்தையும் அவரே படைத்தார். ஒன்றனுள் ஒன்றாகச் செருகிய செப்புக் குழாய்கள் இரண்டு. இடையே மெழுகு தோய்த்த பழுப்புக் காகிதச் சுற்று. இருபது அடித் துண்டுகளாக ஆக்கி, ஒன்றோடொன்று பொருத்தி, புகையிரதப் பாதை நெடுக அதனைப் பதித்தனர். காகிதத்தை நம்பிப் பத்தாயிரம் வோல்ற்றைத் தெருவுக்குள் விடுவதா என அரசாங்க அதிகாரிகள் அஞ்சினர். அச்சத்தைப் போக்க ஒரு காட்சி நடாத்தப்பட்டது. மின்னோடிக்கொண்டிருந்த வடத்தின்மீது பெராண்டியின் உதவியாளர் ஒருவர் உளியைப் பிடித்திருக்க, மற்றொருவர் சம்மட்டியால் அதனை ஊடுருவ அடித்தார். வெளிக்குழாய் நிலத்தோடு இணைந்திருந்தமையால் மின் அவ்வழியே பாய, உருகி அறுந்தது. உளி பிடித்தவருக்கு ஊறேதும் நேரவில்லை. அவ்வுதவியாளரின் துணிவுக்கு அதிகாரிகளின் கையொப்பம் பரிசாகக் கிடைத்தது எனலாம்.

பெராண்டி மனத்திற் கொண்டது இருபது இலட்சம் விளக்குகளுக்கான அமைப்பு. இலண்டனிலோ அன்று அதில் ஒரு சிறு பகுதி விளக்குகளும் இல்லை. இல்லாத தேவைக்காக அவர் கட்டினார்; தேவை தானே வந்து சேருமென நம்பினார். தேவை வந்துசேர்ந்தது என்பது உண்மையே. ஆனால் அது வருவதற்குள் மூன்று இடர்கள் வந்துவிட்டன. 1889இல் அரசாங்கம் நடாத்திய விசாரணை அவர் நிறுவனத்துக்குரிய பரப்பைக் குறைத்துப் பிறருக்கும் பங்கிட்டது. 1890 நவம்பரில் குரோவனர் உபநிலையத்தில் ஆளியொன்றை இயக்கியபோது எழுந்த மின்பொறி மரக்கட்டடத்தைப் பற்றிக்கொள்ள, வழங்கல் மாதக்கணக்கில் நின்றது. வாடிக்கையாளர் பலர் பிற நிறுவனங்களை நாடினர். 1891இல் பெராண்டியே நிறுவனத்தை விட்டு விலக நேர்ந்தது. அவர் எண்ணிய பேராற்றல் மின்பிறப்பாக்கிகள் முற்றுப்பெறவேயில்லை. அவருடைய காகித வடங்களோ நாற்பதாண்டுகளுக்குக் கிட்ட உழைத்தன. பொறியியலிற் பெராண்டி தவறவில்லை. காலக் கணக்கிலேதான் தவறினார். மின்வலை அமைப்போர் எக்காலத்தும் அஞ்சும் தவறு இதுவே. முந்திக் கட்டினால் முதல் முடங்கும். பிந்திக் கட்டினால் ஊர் இருளும்.

பெராண்டிக்கு வாய்க்காத வெற்றி வடக்கே சாள்ஸ் மேர்ஸ் என்பவருக்கு வாய்த்தது. நியூகாசில் நகரைச் சூழ்ந்த தைன் ஆற்றங்கரையிற் கப்பற்கட்டுந் துறைகளும் சுரங்கங்களும் நெருங்கியிருந்தன. 1901இல் அங்கே நெப்டியூன் பாங்க் மின்னிலையம் திறக்கப்பட்டது. கெல்வின் பிரபு திறந்துவைத்தார். விளக்குக்கு மாத்திரம் மின் விற்பவன் மாலையிற் சில மணி நேரம் விற்று, எஞ்சிய நேரமெல்லாம் எந்திரத்தை உறங்கவிடுகின்றான். பகலில் தொழிற்சாலைக்கும் இரவில் வீட்டுக்கும் விற்பவனோ அதே எந்திரத்தால் இருமடங்கு உழைக்கின்றான். இவ்வுண்மையை மேர்ஸ் கொள்கையாகவே பற்றினார். ஊராட்சி எல்லைகளைத் தாண்டி ஒரு மாவட்டம் முழுவதும் ஒரே மீடிறன், ஒரே திட்டம் என அவர் அமைத்த வலை, பின்னர் நாடு முழுவதற்கும் மாதிரியாயிற்று. அதே முறையை இலண்டனுக்கும் கொண்டுவர 1905இல் அவர் முன்வைத்த சட்டமூலம் பாராளுமன்றத்தில் நிறைவேறவில்லை. நகராட்சிகள் தத்தம் மின்னிலையங்களைத் தம் பெருமையின் சின்னமாகக் கருதின. பெருமையை விட்டுக்கொடுக்க எவரும் ஆயத்தமாயில்லை.

முதலாம் உலகப் போர் அப்பெருமையைத் தளர்த்தியது. குண்டு வார்க்கும் தொழிற்சாலைகளுக்கு மின் போதவில்லை. அயல் நிலையத்தில் மின் மிஞ்சியிருந்தும் மீடிறன் வேறுபட்டமையாற் பெறமுடியவில்லை. போருக்குப் பின் 1919இல் ஒரு சட்டம் வந்தது. அது அறிவுரை கூறியதேயன்றிக் கட்டாயப்படுத்தவில்லை. 1925இல் வீயர் பிரபுவின் தலைமையிற் கூடிய குழுவே துணிந்து பேசியது. திறமைமிக்க நிலையங்கள் சிலவற்றில் மாத்திரம் உற்பத்தியைக் குவித்து, அவற்றை உயரழுத்தக் கம்பிகளால் இணைக்கவேண்டும் என்றது. இறைச்சி வாட்டும் இரும்புக் கிராதியைப்போல் நாட்டின்மீது கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் ஆதலின் ‘கிறிட்’ என்னும் பெயரும் அப்போதே தோன்றியது. 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மத்திய மின்சார சபை அமைந்தது. சபை மின்னிலையங்களைப் பறிக்கவில்லை. அவற்றின் மின்னை விலைக்கு வாங்கி, கம்பிவழி கொண்டுசென்று, அதே நிறுவனங்களுக்கு மீள விற்றது. தனியுடைமைக்கும் அரசுடைமைக்கும் நடுவே கண்ட இந்த இடைவழி ஆங்கிலேயரின் அரசியல் சாதுரியத்துக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. அழுத்தம் 1,32,000 வோல்ற்று எனவும், மீடிறன் விநாடிக்கு 50 எனவும் முடிவாயிற்று. முன்னோடியான நியூகாசில் நாற்பதைக் கைக்கொண்டிருந்தமையால், தன் மோட்டார்களையெல்லாம் மாற்றவேண்டிய விதி அதற்கே நேர்ந்தது.

முதற் கோபுரம் 1928 யூலையில் ஸ்கொத்லாந்தில் நாட்டப்பட்டது. இறுதிக் கோபுரம் 1933 செப்ரெம்பரில் இங்கிலாந்தின் தென்கரைக்கு அண்மையில் எழுந்தது. ஏறக்குறைய 4,000 மைல் கம்பி. ஏறக்குறைய 26,000 கோபுரம். சசெக்ஸ் குன்றுகளின் எழில் குலைகின்றதென எழுந்த எதிர்ப்பிற் கிப்ளிங், கெயின்ஸ் போன்ற பெரியோரும் சேர்ந்துகொண்டனர். கிறிட் முதலில் ஏழு பகுதிகளாகத் தனித்தனியே இயங்கவேண்டும் என்பதே திட்டம். 1937 ஒக்டோபர் 29ஆம் நாள் இரவு பொறியியலாளர்கள் பகுதிகளை இணைத்துப் பார்த்தனர். நாடு முழுவதும் ஒரே எந்திரம்போல் ஒருங்கே சுழன்றது. மறு ஆண்டு முதல் அவ்விணைப்பே வழமையாயிற்று. போர்க்காலத்தில் மின்னிலையங்கள் குண்டுவீச்சுக்கு இலக்கானபோது பிற பகுதிகளிலிருந்து மின் வந்தது. அவ்வலையின் மூலவரான மேர்ஸ் 1940 ஒக்டோபரில், இலண்டனிலுள்ள தம் இல்லத்தில், தம் மக்கள் இருவரோடு குண்டுக்கு இரையானார்.

இவ்வளவும் செலுத்துகையின் வரலாறு. நெடுஞ்சாலை அமைந்ததேயன்றி ஒழுங்கைகள் பழையபடியே கிடந்தன. தெருக்களில் மின் பகிரும் பணி அறுநூறுக்கு மேற்பட்ட நிறுவனங்களின் கையில் இருந்தது. 1936இல் ஒரு குழு ஆராய்ந்தபோது, வீடுகளுக்கு வழங்கும் அழுத்தங்கள் நூறு வோல்ற்று முதல் நானூறுக்கு மேல்வரை நாற்பதுக்கு மேற்பட்டனவாய் இருந்தன. சில தெருக்களில் நேரோட்டம், அடுத்த தெருவில் ஆடலோட்டம். வானொலிப் பெட்டி செய்வோர் இவ்விரண்டிலும் இயங்கும் பெட்டிகளைத் தனியே ஆக்கி விற்கவேண்டியிருந்தது. எங்கும் ஒரே நிகழ்ச்சி ஒலிபரப்பாகிய நாட்டில், அதனைக் கேட்கும் பெட்டி எல்லா வீட்டிலும் ஒன்றாக இருக்கமுடியவில்லை.

குழுவின் அறிக்கை போரினாற் கிடப்பிற் கிடந்தது. 1947ஆம் ஆண்டுப் பெப்ரவரியில் அதற்குரிய தண்டனை வந்தது. கடும் பனியில் நிலக்கரி புகையிரதங்கள் உறைந்து நின்றன. குளிருக்கு அஞ்சிய மக்கள் போருக்குப் பின் வாங்கிய மின்கணப்புகளை எல்லாம் ஒருங்கே ஏற்றினர். அக்கணப்புகளை விற்றவர் எவரும் மின்னிலையத்தைக் கேட்டு விற்கவில்லை. தொழிற்சாலைகள் மூடப்பட்டன, இலட்சக்கணக்கானோர் வேலையின்றி நின்றனர், வீடுகளில் காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரையும், பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரையும் மின் பாவிக்கலாகாதென ஆணை பிறந்தது. தொலைக்காட்சி ஒளிபரப்பும் பிபிசியின் மூன்றாம் வானொலி நிகழ்ச்சியும் சில வாரங்கள் நின்றுபோயின. மறு ஆண்டுக் குளிர்காலத்திற் கட்டணத்தை உயர்த்தித் தேவையைக் குறைக்க முயன்றனர். காலாண்டுக்கு ஒருமுறை வரும் பட்டியலைக் கண்டு, மூன்று மாதத்துக்கு முந்திய மாலைப்பொழுதில் கணப்பை அணைக்க எவரால் இயலும்? அம்முயற்சி ஓராண்டோடு கைவிடப்பட்டது.

1948 ஏப்பிரல் முதலாம் நாள் அந்நிறுவனங்கள் அரசுடைமையாகிப் பதினான்கு பகுதிச் சபைகளுள் அடங்கின. அழுத்தம் 240 வோல்ற்று எனும் ஒன்றாயிற்று. வீட்டினுள்ளும் மாற்றம் புகுந்தது. முன்பு 2, 5, 15 அம்பியர் என அளவுக்கேற்ற வட்டக்கால் செருகிகள் இருந்தன. செப்புப் பஞ்சம் நிலவிய அக்காலத்தில், ஒவ்வொரு குதைக்கும் தனிக்கம்பி இழுக்காமல் ஒரே வளையமாய் வீட்டைச் சுற்றிவந்து, செருகியினுள்ளேயே உருகியை வைக்கும் 13 அம்பியர் முறை 1947இல் தரப்படுத்தப்பட்டது. ஆங்கிலேயர் கைவிட்ட 5, 15 அம்பியர் வட்டக்கால்கள் இலங்கையின் சுவர்களில் நெடுங்காலம் நிலைத்தன. சதுரக்கால் செருகி இலங்கையில் தரமாக ஏற்கப்பட்டது இந்த நூற்றாண்டிலேயே. இலங்கையின் பெருங்கோபுரங்கள் சுமக்கும் 1,32,000 வோல்ற்றும், விநாடிக்கு ஐம்பது அலைவும் அதே மரபில் வந்தவையே.

தெருவில் மின் பகிர்வோரின் கணக்கு ஒரு நுட்பமான நம்பிக்கையில் நிற்கின்றது. ஒரு வீட்டில் உள்ள கருவிகளையெல்லாம் ஒருங்கே இயக்கினால் பத்துக் கிலோவாற்றுக்கு மேல் வேண்டும். ஆயின் நூறு வீட்டார் ஒரே நிமிடத்தில் அவ்வாறு செய்யார். ஒருவர் சமைக்கும்போது மற்றொருவர் துணி அழுத்துவார். வேறொருவர் வீட்டிலேயே இரார். ஆகவே வீடொன்றுக்கு ஒன்று அல்லது இரண்டு கிலோவாற்று எனக் கணக்கிட்டே தெருவின் வடமும் நிலைமாற்றியும் அமைக்கப்பட்டன. மக்கள் ஒருவரோடொருவர் ஒத்துப்போகாமையே மின்வலையின் அத்திவாரம் என்றால் வியப்பாகத் தோன்றலாம். அவர்கள் ஒத்துப்போன சில கணங்கள் இதனை மெய்ப்பிக்கும். 1990 யூலை 4ஆம் நாள் உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தின் அரையிறுதியில் இங்கிலாந்து தோற்றதும், நாடே எழுந்து தேநீருக்குக் கேத்தலை ஏற்றியது; தேவை திடீரென 2,800 மெகாவாற்று உயர்ந்தது. தோல்வியின் துயரம் மின்னளவியில் இத்துணைத் துல்லியமாகப் பதிவானது அபூர்வம்.

இன்று அந்நம்பிக்கை இரு புறத்தாலும் சோதிக்கப்படுகின்றது. மின்மோட்டார் வண்டியை வீட்டில் மின்னேற்றும் கருவி ஏழு கிலோவாற்றை மணிக்கணக்கிற் கொள்கின்றது. கூரைகளில் அமைந்த சூரியத் தகடுகளோ மின்னை எதிர்த்திசையில், தெருவிலிருந்து நிலைமாற்றிக்கு அனுப்புகின்றன. 2019 ஓகஸ்ட் 9ஆம் நாள் மாலை இங்கிலாந்தில் மின்னல் ஒன்று கம்பியிற் பாய்ந்ததை அடுத்து, கடற்காற்றுப் பண்ணையொன்றும் எரிவாயு நிலையமொன்றும் ஏறக்குறைய ஒரே கணத்தில் தளர்ந்தன. பகிர்வலையில் ஆங்காங்கே சிதறிக்கிடந்த சிறு பிறப்பாக்கிகளும் தம் பாதுகாப்புக் கருவிகளின் கட்டளைப்படி தாமாகவே விலகிக்கொண்டன. மீடிறன் ஐம்பதிலிருந்து 48.8க்கு வீழ்ந்தது, பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பாவனையாளர் மின்னிழந்தனர். முக்கால் மணி நேரத்தில் மின் மீண்டது. புகையிரதங்களிற் சில வழியிலேயே நின்று, பயணிகள் நள்ளிரவுவரை அல்லற்பட்டனர்.

இலங்கையும் இதனை அறியும். 2025 பெப்ரவரி 9ஆம் நாள் ஞாயிறு முற்பகல், பாணந்துறை உபநிலையத்திற் குரங்கொன்று புகுந்து விளைத்த கோளாறினால் தீவு முழுவதும் மின்னிழந்தது. மக்கள் குரங்கை எண்ணி நகைத்தனர். ஆனால் தேவை குறைந்த விடுமுறை நாளில், வெயிலின் மின் மிகுந்தும் கனத்த சுழலிகளின் மின் குறைந்தும் இருந்தமையால், அதிர்ச்சியைத் தாங்கும் உரம் வலைக்கு இல்லாதுபோயிற்று என மின்சார சபை விளக்கியது. அவ்வாண்டுச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிற் கூரைமேற் சூரிய மின் அமைப்புகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு சபை உரிமையாளரை வேண்டிக்கொண்டது. மின்னைச் சிக்கனமாகப் பாவிக்குமாறு கேட்டுப் பழகிய மக்களுக்கு, மின்னை உண்டாக்காதீர் என்னும் வேண்டுகோள் புதியது.

பிரித்தானியாவில் 2022 முதல் விற்பனையாகும் வீட்டு மின்னேற்றிகள், நெருக்கடியான மாலை நேரத்தைத் தாமே தவிர்க்குமாறு அமைந்திருத்தல் வேண்டும். அதனோடு விசித்திரமான மற்றொரு விதியும் உண்டு. மலிவான கட்டணம் தொடங்கும் நள்ளிரவில் எல்லாக் கருவிகளும் ஒரே விநாடியில் விழித்தெழுமாயின், பழைய இடரே புதிய வேளையில் வரும். ஆகவே ஒவ்வொரு மின்னேற்றியும் பத்து நிமிடம்வரை தற்செயலாகத் தாமதித்தே தொடங்கவேண்டும். மனிதரிடம் இயல்பாயிருந்த ஒத்துப்போகாமையை எந்திரத்துக்குச் சட்டத்தாற் கற்பிக்கவேண்டியதாயிற்று.

ஹொல்போர்னில் 1882இல் மூட்டிய நிலக்கரித் தீ, 2024 செப்ரெம்பர் 30ஆம் நாள் பிரித்தானியாவின் இறுதி நிலக்கரி மின்னிலையம் மூடப்பட்டபோது அவிந்தது. மின் பகிரும் பரப்புகள் மாத்திரம் இன்னும் பதினான்காகவும், பெரும்பாலும் 1948இல் வகுத்தவாறும் உள்ளன. அவற்றின் தெருக்கோடி நிலைமாற்றிகளிற் பெரும்பாலானவற்றில் நெடுங்காலம் இருந்த ஒரே அளவுகருவி, கடந்த தடவை பார்த்ததன் பின் எய்திய உச்சத் தேவையைக் காட்டி நிற்கும் ஒரு முள். ஊழியர் ஒருவர் எப்போதாவது வந்து கதவைத் திறந்து, அதனை வாசித்துக் குறிப்பேட்டில் எழுதி, முள்ளைப் பின்னே தள்ளிவிட்டுச் செல்வார். அந்த உச்சம் எந்த நாளில், எந்த மணியில் நேர்ந்தது என்பதை முள் சொல்லாது. மின் எத்திசையில் ஓடியது என்பதையும் சொல்லாது. அவ்விரண்டையும் கணந்தோறும் அறிவிக்கும் கருவிகளை ஒவ்வொரு தெருவாகப் பொருத்தும் வேலை இப்போது நடைபெறுகின்றது.